வெள்ளிக்கிழமை பார்க்காத தலை

எங்கள் வீட்டில் பேன் பார்ப்பதற்கும் நாள் பார்க்க வேண்டும். செவ்வாய் கூடாது, வெள்ளி கூடாது. அது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், சிக்கெடுத்துப் பின்னலாம், பூ வைக்கலாம். பேன் மட்டும் பார்க்கக் கூடாது. நான் அதோடு நிற்கவில்லை. திங்கட்கிழமை அண்ணாமலையாருக்கு உகந்த நாள், அன்றைக்கு ஓர் உயிரை நகத்தில் வைத்து நசுக்கலாமா என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். பிறகு பிரதோஷம், கிருத்திகை, அமாவாசை, பௌர்ணமி. எந்த நாளானாலும் விளக்கு வைத்த பிறகு தலையில் கை வைக்கக் கூடாது. முடி வீட்டுக்குள் விழுந்தால் லட்சுமி தங்கமாட்டாள்.

மகள் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் காலண்டர் முன்னால் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நம்ம வூட்டுப் பேனுக்கெல்லாம் ஆயுசு ஜாஸ்திம்மா. பேன் பாக்கவே பஞ்சாங்கம் பாக்கணும்."

நான் எட்டாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. செங்கம் ரோட்டில் என் வீட்டுக்காரர் குஷன் கடை வைத்திருக்கிறார். ஆட்டோ, வேன் சீட்டுகளுக்கு உறை தைப்பார். எங்களுக்கு ஒரே மகள். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அவள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதுகூட எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அவள் சொல்ல வந்தது என்ன என்று எட்டு மாதம் தேடினேன்.

பேன் பார்ப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் ஷாம்பு போட்டு முடித்துவிடுகிறார்கள். எங்களிடம் இருந்தது மரத்தில் செய்த பேன் சீப்பு, கார்த்திகை தீபத்துக்குப் போடுகிற கடைகளில் வாங்கியது. இரண்டு பக்கமும் பல். ஒரு பக்கம் நெருக்கம், மறுபக்கம் அதைவிட நெருக்கம். பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் நான் உட்காருவேன். அவள் கீழே பலகை போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். மடியில் பழைய வேட்டித் துண்டை விரித்துக்கொள்வேன். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துக் குழைத்துத் தலை முழுக்கத் தேய்த்து ஊறவிட்டு, பிடரியிலிருந்து ஆரம்பிப்பேன். முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, வேரோடு ஒட்டி ஓர் இழுப்பு. சீப்பைத் துண்டில் தட்டு. பிறகு அடுத்த வகிடு. இடது காது, வலது காது, உச்சி. அவளுக்கு இடுப்பு வரை முடி. ஒரு தலை பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பேனுக்குப் போடுகிற கற்பூரம் தனி டப்பா. சாமிக்கு வாங்கியதிலிருந்து ஒரு வில்லைகூட எடுக்கமாட்டேன். ஒருநாள் இவள் அவசரத்தில் பேன் டப்பாவிலிருந்து எடுத்துச் சாமிக்கு ஏற்றிவிட்டாள். நான் பதறிப்போனேன்.

"எதுக்கும்மா இப்ப பயப்படறே? அவருக்கும் ஜடாமுடிதானே. அரிக்காதா?" என்றாள்.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவளைத் திட்டினேன். உள்ளே சிரிப்பு வந்தது. சாமியும் சிரித்திருப்பார் என்றே இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அவள் வெளியே இப்படி வாயாடுவாளே தவிர, மனசில் இருப்பதைச் சொல்கிற பிள்ளை இல்லை. முகத்தைப் பார்த்து "என்னாடி ஆச்சு" என்று கேட்டால் "ஒண்ணுல்ல" என்பாள். சாப்பிடும்போது கேட்டாலும் ஒண்ணுல்ல, படுக்கும்போது கேட்டாலும் ஒண்ணுல்ல. ஆனால் பலகையில் உட்கார்ந்து, முதுகைக் காட்டி, தலையை என் முழங்காலில் சாய்த்துவிட்டாளென்றால் தானாக வரும். ஒன்பதாவது படிக்கும்போது கணக்கில் பெயிலாகி, ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்துவிட்டாள். அதைச் சொன்னது நான் அவள் இடது காதுக்குப் பின்னால் வாரிக்கொண்டிருந்தபோது. டியூஷனில் ஒரு பையன் கடிதம் கொடுத்தது, அதைப் படிக்காமலே கிழித்துப் போட்டது, போட்ட பிறகு என்ன எழுதியிருப்பான் என்று இரண்டு நாள் தூக்கம் வராமல் கிடந்தது, எல்லாம் அந்தப் பலகையில் சொன்னதுதான்.

இதில் எனக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டிருந்தது. அவள் பேச ஆரம்பித்தால் சீப்பை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் திரும்பிப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். அதனால் எதைச் சொன்னாலும் கை அதுபாட்டுக்கு வாரிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் நகத்தில் டக்கென்று ஒரு சத்தம். அதுதான் நான் போடுகிற 'உம்'. அவள் சொல்லி முடித்து வெகு நேரம் கழித்து, ஏதாவது ஒரு வார்த்தை சொல்வேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் கட்டுப்படுவாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் காஞ்சிபுரம் தாண்டி ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. போனுக்கு உள்ளே வைக்கிற சின்னத் தகடுகள் செய்கிற கம்பெனி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்தும் நிறையப் பெண்கள் போனார்கள். அங்கேயே ஹாஸ்டல், சாப்பாடு. அவள் அப்பா காலேஜில் சேர்க்கலாம் என்றார். இவள்தான், இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் பிறகு படிக்கிறேன் என்றாள். நான் அண்ணாமலையார் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, பையில் விபூதிப் பொட்டலமும் ஊறுகாய் பாட்டிலும் வைத்து அனுப்பினேன். பேன் சீப்பையும் வைத்தேன். அதை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

"அது இங்கயே இருக்கட்டும். அங்க எனக்கு யார் பாக்கப் போறாங்க?"

முதல் தடவை லீவில் வந்தது வைகாசியில். ஒரே ஒரு நாள் லீவு. வெள்ளிக்கிழமை பகலில் வந்து இறங்கினாள். மறுநாள் காலை ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். அன்றைக்குப் பௌர்ணமி வேறு. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வரவே அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள். கறுத்தும் இருந்தாள். அவளுக்குப் பிடித்த வத்தக்குழம்பும் சேனை வறுவலும் செய்திருந்தேன். சாப்பிட்டாள், தூங்கினாள். எழுந்து, வீட்டுக்குள்ளேயே சும்மா சுற்றிச் சுற்றி வந்தாள். நான் பூஜைச் சாமான்களைத் துலக்கிக்கொண்டிருந்தேன். கூடவே நின்றாள்.

"என்னா பாப்பா?"

"ஒண்ணுல்ல."

சாயந்திரம் விளக்கேற்றினேன். கிரிவலத்துக்கு எதிர் வீட்டு அக்காவோடு போவதாக இருந்தேன். மாதம் தவறாமல் போகிறவள் நான். புடவை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், இவள் பலகையைக் கூடத்தில் போட்டு, பின்னலை அவிழ்த்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா, தலை ரொம்ப அரிக்குது. கொஞ்சம் பாரேன்."

"விளக்கு வெச்சாச்சுடி."

"கொஞ்ச நேரம்."

"வெள்ளிக்கிழமை, பௌர்ணமி வேற. இன்னைக்குப் போய்த் தலையில கை வைக்கறதா? காலையில பாக்கறேன்."

"காலையில அஞ்சு மணிக்கு பஸ்ஸும்மா."

"அப்ப அடுத்த லீவுல வரும்போது பாக்கறேன். அது வரைக்கும் வேப்பிலையை அரைச்சுத் தடவு. அங்க வேப்பமரம் இல்லாமலா போயிடும்?"

அவள் திரும்பவில்லை. அவிழ்த்த முடி பலகை வரை தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு கையாலும் முடியை அள்ளிக் கொண்டையாக முடிந்துகொண்டு எழுந்தாள்.

"கிரிவலத்துக்கு வரியா?"

"கால் வலிக்குது. நீ போயிட்டு வா."

நான் போனேன். பதினாலு கிலோமீட்டரும் அவளுக்காகத்தான் நடந்தேன். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து எட்டு லிங்கத்திலும் நின்று, என் பிள்ளை போன இடத்தில் நல்லா இருக்கணும், அவள் மனசில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்றே கேட்டுக்கொண்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள். நெற்றியில் விபூதி இட்டேன். விழிக்கவில்லை. விழித்துக்கொண்டே கண்ணை மூடியிருந்தாளோ என்னவோ, அதுவும் இப்போது தோன்றுவதுதான்.

காலையில் அவள் அப்பா அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். நான் அவள் படுத்திருந்த பாயைச் சுருட்டினேன். தலையணை உறை வெள்ளை, முந்தின நாள்தான் துவைத்துப் போட்டது. பேன் இருக்கிற தலை ஒரு ராத்திரி படுத்தாலே உறையில் தெரிந்துவிடும். ஒரு ஈரு, ஒரு பேன் குஞ்சு, பொடிப் பொடியாகக் கறுப்பாக ஏதாவது இருக்கும். வெளிச்சத்தில் கொண்டுபோய் விரித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தையலைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்த அவள் சீப்பைப் பார்த்தேன். இரண்டு முடிதான் இருந்தது. அதை விரல் நுனியால் உருவிப் பார்த்தேன். ஒரு ஈருகூட ஒட்டவில்லை.

அவளுக்குப் பேனே இல்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பேன் இல்லாதவள் எதற்காகத் தலையை அவிழ்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்? கையில் உறையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தாள்.

"ஏதாவது சொல்லணும்னு இருந்தியாடி நேத்து?"

"ஒண்ணுல்லம்மா. பஸ்ல சத்தமா இருக்குது. அப்பறம் பேசறேன்."

அதிலிருந்து தினமும் போன் வரும். சாப்பிட்டேன், ஷிப்ட் முடிஞ்சுது, நல்லாத்தான் இருக்கேன். போனில் முகம் தெரியாதே, பேசுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை. போனுக்கு மடி இல்லை.

நான் தேட ஆரம்பித்தேன். அந்தப் பதினெட்டு மணி நேரத்தையும் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தேன். வந்ததும் செருப்பைக் கழற்றும்போது பெருமூச்சு விட்டாளா? குழம்பு ஊற்றும்போது "போதும்" என்றாளே, அது எப்போதும் சொல்கிற போதுமா, வேறு மாதிரியா? பூஜைச் சாமான் துலக்கும்போது குத்துவிளக்கின் தண்டை எடுத்துத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தாளே, அப்போது ஆரம்பிக்க நினைத்தாளா? அவள் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். அவள் வைத்துவிட்டுப் போயிருந்த சுடிதாரின் பாக்கெட்டைப் பார்த்தேன். ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு மிட்டாய் காகிதமும்தான் இருந்தன. கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், அதே ஹாஸ்டலில் இருக்கிற பெண்ணின் அம்மாவைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தேன். அந்த அம்மாள் தன் பெண் கம்மல் வாங்கியதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாராவது பையனோ என்று ஒரு நாள் தோன்றும். உடம்புக்கு ஏதாவதோ என்று ஒரு நாள். யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ, கை ஓங்கினார்களோ என்று ஒரு நாள். சாமி முன்னால் பூ கட்டிப் போட்டும் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தது. நல்லது என்றுதான் அர்த்தம். ஆனாலும் எது நல்லது என்று சாமி சொல்லவில்லையே.

என் வீட்டுக்காரர் ஒருநாள் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்:

"பேனைப் பெருமாளாக்காதே. பொண்ணுக்குத் தலை அரிச்சுது, பாக்கச் சொன்னா. நீ பாக்கல. அவ்ளோதானே?"

"பேன் இல்லைங்க. அதான் சொல்றேன்."

"இல்லாத பேனைத்தான் பெருமாளாக்கறே."

அவர் சொல்வதும் சரிதான். ஆனால் அவர் அந்தப் பலகைப் பேச்சுக்களைக் கேட்டதில்லை.

தீபாவளிக்கு வந்தாள். நான் நாளைப் பார்த்தே வைத்திருந்தேன். அவள் வந்து இறங்குவது புதன்கிழமை, அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது, எந்தத் தோஷமும் இல்லை. எண்ணெயும் கற்பூரமும் கலந்து வைத்து, துண்டை மடித்து வைத்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கினவளை எனக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. முடியைத் தோள் வரைக்கும் வெட்டியிருந்தாள்.

"தண்ணி சரியில்லம்மா அங்க. கொத்துக் கொத்தாக் கொட்டுது. ரூம்ல எல்லாருமே வெட்டிக்கிட்டோம்."

"நல்லாத்தான் இருக்குது" என்றேன். நன்றாகத்தான் இருந்தது. பெரிய பெண்ணாகத் தெரிந்தாள். வீடு நிறைய நாத்தனார் பிள்ளைகளும் கொழுந்தனார் குடும்பமும். அவளோடு தனியாக உட்கார ஒரு அரை மணி நேரம் கிடைக்கவில்லை. கிடைத்தாலும், அந்த முடியில் வாருவதற்கு என்ன இருக்கிறது? இரண்டு இழுப்பில் முடிந்துவிடும். இரண்டு இழுப்பில் யார் என்ன சொல்லிவிட முடியும்? கலந்து வைத்த எண்ணெயை நானே தேய்த்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. கரிநாள் அன்றைக்கு நான் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேலையைப் பற்றிச் சொன்னாள். இப்போது அவளைச் செக்கிங்கில் போட்டிருக்கிறார்களாம். லென்ஸ் வழியாகப் பச்சைத் தகட்டைப் பார்த்து, ஈயப் புள்ளி எல்லாம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும்.

"ஒவ்வொண்ணும் ஈரு மாதிரியேதாம்மா இருக்கும். எங்க செக்‌ஷன்லயே நான்தான் ஃபாஸ்ட். உன்னால வந்தது."

"நல்ல பேருதான் போ."

"கேளேன். வாரத்துல ஒருநாள் எங்களுக்கு இங்கிலீஷ் க்ளாஸ் எடுக்கறாங்க. ஒண்ணை விடாம, இண்டு இடுக்கெல்லாம் உத்துப் பாத்துத் தேடறாங்கன்னு வெச்சுக்கோ, அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்வாங்க தெரியுமா? பேன் சீப்பு போட்டு வாரினாங்கன்னு சொல்வாங்களாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "வெள்ளைக்காரங்களுக்கும் பேன் உண்டா?"

"பின்ன? ஆசிரமத்துப் பக்கம் வந்து தரையில படுத்துக்கறாங்களே, அவங்களுக்கு மட்டும் தலை என்ன கல்லா?"

"நாம சல்லடை போட்டுத் தேடறதுன்னு சொல்வோம்."

"சல்லடையில பெருசுதானேம்மா நிக்கும். பொடிசெல்லாம் கீழ வுழுந்துடும். இதுல பொடிசுதான் மாட்டும்."

சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். நான் கிரைண்டரை நிறுத்தவில்லை. மாவு ஓடுகிற சத்தத்திலேயே கேட்டுவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் அப்பா தேங்காயோடு உள்ளே வந்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் ஒரு வேன் வேலையாக வெளியே போய்விட்டதால், பஸ் ஏற்றிவிட நான் மட்டும் போனேன். கூட்டம். காஞ்சிபுரம் பஸ் நிற்கிற இடத்தில் தூணோரம் இருந்த சிமெண்டுக் கட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தோம். அவள் மடியில் பை, என் மடியில் முறுக்குப் பொட்டலம். எதிரே பஸ்கள் திரும்பித் திரும்பி நின்றன. அண்ணாமலையாரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"நேத்து சொன்னியே, சீப்பு போட்டு வாரறதுன்னு. எட்டு மாசமா நானும் அப்படித்தான் வாரிக்கிட்டிருக்கறேன். ஒண்ணும் சிக்கல."

"என்னாத்த?"

"வைகாசிப் பௌர்ணமி. தலை அரிக்குதுன்னு வந்து உக்காந்தியே. பேனே இல்ல உனக்கு."

அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சிரித்தாள்.

"தலகாணி உறையைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாப்பேன்னு தெரியும்."

பஸ் ஒன்று வந்து நின்றது. அவள் எழுந்திருக்கப் போனாள். நான் அவளைப் பார்க்காமல், பஸ் போர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அது போகட்டும். அரை மணிக்கு ஒண்ணு இருக்குது."

உட்கார்ந்தாள். அவளும் எதிரேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பிப் போன பிறகு சொன்னாள்.

"திரும்பிப் போகலன்னு சொல்லலாம்னு வந்தேம்மா."

என் கையில் சீப்பு இல்லை. கையை என்ன செய்வதென்று தெரியாமல் முறுக்குப் பொட்டலத்தின் நூலைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"யாராவது ஏதாவது..."

"அதெல்லாம் இல்ல. நீ பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்ல. நின்னுக்கிட்டே வேலை, காலு வீங்கிடும். ரூம்ல எட்டுப் பேரு, ஆளுக்கு ஒரு ஷிப்டு. நான் வரும்போது எல்லாம் தூங்கும். பேசறதுக்கு ஆளே இல்லம்மா. ஒருநாள் குளிக்கற ரூம்ல நானே என்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். பைத்தியம் புடிச்சுடும்போல இருந்துது. அதான், லீவு கேட்டு ஓடி வந்தேன்."

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"உனக்குத் தெரியாதா என்னைப் பத்தி?"

தெரியும். அதுதான் வலித்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் அவள் வந்தாள். அந்த வழியை நான் நாள் பார்த்து அடைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் என் பக்கம்தான் இருந்தன, நான் செய்தது ஒன்றும் சாஸ்திரத்துக்குத் தப்பில்லை. இன்றைக்கும் நான் வெள்ளிக்கிழமையை விடமாட்டேன். ஆனால் விளக்கின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்த பிள்ளையை ஒரு தடவை தடவிக் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. சும்மா கையை அவள் தலையில் வைத்திருந்தால் போதும். லட்சுமி கோபித்துக்கொண்டு போயிருக்கமாட்டாள்.

"நான் இருன்னு சொல்லியிருப்பேன்" என்றேன்.

சொன்ன பிறகு அது உண்மையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மலை எதிரே தெரியும்போது பொய் சொல்லக் கூடாது. ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு கண்ணு, போகப் போகப் பழகிடும் என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. எதிர் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றுகூட யோசித்திருப்பேன். அதையும் அவளிடம் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை.

"நீ போகத்தான் சொல்லியிருப்பே. எனக்குத் தெரியும். நானும் போயிருப்பேன். ஆனா சொல்லிட்டுப் போயிருப்பேன். அவ்ளோதாம்மா."

இரண்டாவது பஸ் வந்தது. கண்டக்டர் "காஞ்சிபுரம், காஞ்சிபுரம்" என்று கூவி ஆள் ஏற்றினார். நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. யாரிடம் சொன்னாய் பிறகு என்று கேட்டேன்.

"யார்கிட்டயும் இல்ல. அப்பறம் பழகிடுச்சு."

பழகிவிட்டது என்ற அந்தச் சொல்லை நான் எத்தனையோ பேரிடம் சமாதானமாகச் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளை வாயிலிருந்து கேட்கத்தான் முடியவில்லை.

பிறகு அவளாகவே ஆரம்பித்தாள். செக்கிங்கில் பக்கத்தில் உட்காருகிற போளூர்ப் பெண் ஒருத்தி, வாயைத் திறந்தால் மூடமாட்டாளாம். தகட்டைப் பார்த்துக்கொண்டே, ஆளைத் திரும்பிப் பார்க்காமலே, ஊர்க்கதை எல்லாம் சொல்வாளாம். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பதால் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமலே சிநேகிதம் ஆகிவிட்டார்களாம். சொல்லும்போது அவள் தோள் என் தோளில் இடித்தது. நான் "உம்" என்றேன். பஸ் போர்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே "உம்" போட்டேன். செங்கம், போளூர், வேலூர், விழுப்புரம். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது பஸ்ஸையும் விட்டோம். எட்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசியது அவ்வளவையும் சேர்த்தால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஈடாகாது. வேலையை விட்டுவிட்டு வருகிறாயா என்று கேட்டேன். இப்போது வேண்டாம், சித்திரை வரைக்கும் பார்க்கிறேன், பிறகு காலேஜ் அப்ளிகேஷன் போடலாம் என்றாள். அவள் அப்பாவிடம் நானே பேசுகிறேன் என்றேன்.

"இன்னொண்ணு இருக்குதும்மா" என்றாள் பிறகு, குரலைத் தாழ்த்தி. "அந்தப் போளூர்ப் பொண்ணு..."

நான்காவது பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியாது. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முறுக்குப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "என்னாடி அது, அந்தப் பொண்ணு என்னா?" என்று கேட்டேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். "நேர்ல சொல்றேன்" என்று கத்தினாள்.

இப்போது மாசி. தினமும் போன் வருகிறது. சாப்பிட்டேன், ஷிப்ட் முடிஞ்சுது என்பதோடு இன்னும் நாலு வார்த்தை பேசுகிறாள். நேற்று அந்தப் போளூர்ப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "அது நேர்ல" என்றாள். பங்குனி உத்திரத்துக்கு லீவு கேட்டிருக்கிறாளாம், கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அது என்ன கிழமையில் வருகிறது என்று இன்னும் காலண்டரைப் பார்க்கவில்லை.